பேய்ப்படமும் அச்சச் சுவையும்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுக்கும்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கும் அரசனும் ஒரே நிரலில் வைக்கப்பட்டமை நம் கவனத்திற்குரியது. பேய்ப்படக் கவர்ச்சியைத் தனிமனித மனக்கிளர்ச்சியாக மட்டும் நோக்கும் திறனாய்வு இவ்வுறவைக் காணத் தவறுகின்றது.

நோர்வூட் போன்ற தோட்டப்பகுதிகளில் இவை வெறும் ஏட்டுச் செய்திகளல்ல. தேயிலை மலைகளிற் சிறுத்தை. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு அஞ்சிய தொழிலாளர் வணங்கிய ரோதைமுனி. அதிகாரத்தின் வடிவாய்த் துரை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான மக்களின் அச்சம் பல பத்தாண்டுகள் நீடித்தது. பேய்ப்படத்தின் அச்சமோ மூன்று மணி நேரத்துள் முடிவது; பார்ப்போர் தாமே விரும்பி ஏற்பது. அதன் கவர்ச்சி இங்கேயே தொடங்குகின்றது.

ராகவா லாரன்சின் ‘காஞ்சனா’ (2011) இதனை மேலும் விளக்கும். ஏழைகளுக்கு மருத்துவமனை அமைக்க வாங்கிய நிலத்தை அரசியல்வாதி அபகரிக்கின்றான். கொலையுண்ட திருநங்கை பேயாய் மீள்கின்றார். பேய்க்கு அஞ்சியவனே இறுதியிற் பேயின் பக்கம் நிற்கின்றான். அணங்கு இறையை வெல்லும் இக்காட்சியில் ஒடுக்கப்பட்டோர் மகிழ்தல் இயல்பே. அம்மகிழ்ச்சியை நாம் இழிவெனக் கொள்ளோம். ஆயினும் உயிரோடிருந்தபோது மறுக்கப்பட்ட நீதி, இறந்த பின்னரே, அதுவும் பழிவாங்கலாகவே கிட்டுகின்றது. உயிரோடிருப்போர் ஒன்றுதிரண்டு அதனைப் பெறும் வழி அங்குத் திறக்கப்படவில்லை. இவ்வகைப் படங்களின் ஆற்றலும் எல்லையும் இதுவேயாம்.