இந்தக் கிழமை எந்த மாயாவி?

சென்னையில் 'கிழமை' என்றால் திங்களோ செவ்வாயோ ஒரு நாள். யாழ்ப்பாணத்து எங்கள் உடுப்பிட்டியில் அது ஏழு நாள். "வாற கிழமை தாறன்" என்று ஒருவர் சொன்னால் எந்த நாள் என்று கேட்கக்கூடாது. ஏழில் ஒன்று, சிலவேளை எட்டாவது. சென்னையில் வளர்ந்த என் மருமகன் போன மாதம் தொலைபேசியில், "மாமா, இந்த வாரம் புதுசா என்ன சூப்பர் ஹீரோ காமிக்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்டான். என்ன சொல்வதென்று யோசித்தபோதுதான் உறைத்தது: என் சின்ன வயதில் இப்படி ஒரு கேள்வியை ஊரில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் கேட்டது, "உன்னட்டை என்ன கிடக்கு?"

அவன் கேள்விக்குப் பின்னால் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அமெரிக்காவில் புதன்கிழமைதோறும் புது இதழ்கள் கடைக்கு வரும். வழக்கமாக வருபவருக்கென்று கடைக்காரர் ஒரு கட்டை ஒதுக்கி வைப்பார். தமிழ்நாட்டில் அந்தப் பஞ்சாங்கத்தைப் பெரும்பாலும் சிவகாசி எழுதியது. 1972இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸும் தினத்தந்திக் குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி மாதத்தில் ஒன்றாம் தேதி, பதினைந்தாம் தேதி என்று கணக்காக வந்துவிடும். பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும். பையன் காசோடு போய் நிற்பான்.

அங்கே பரிந்துரை புத்தகத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். அடுத்த வெளியீடு இன்னது என்று இந்த இதழே ஆசை காட்டும். லயன் ஆசிரியர் எஸ். விஜயன் வாசகரோடு பேசும் 'ஹாட்லைன்' பக்கத்தைக் கதைக்கு முன்பே படிப்பவர்கள் உண்டு. வரப்போகும் நாயகன் யார், எந்த நாட்டுச் சரக்கு, ஏன் தேர்ந்தோம் என்று அதில் இருக்கும். விற்பவரே புகழ்கிறார் என்ற ஐயம் எனக்குக் கொஞ்சம் உண்டு. ஆனாலும் இவ்வளவு ஆசையோடு தன் சரக்கைப் பற்றிப் பேசும் வியாபாரியை எங்கள் பக்கம் நான் கண்டதில்லை.

அதே புத்தகம் பாக்குநீரிணையைத் தாண்டும்போது பஞ்சாங்கம் கழன்று விழுந்துவிடும். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணியைக் காக்க இறக்குமதியை இறுக்கியபோது தமிழகச் சஞ்சிகைகளும் அகப்பட்டன. முத்து காமிக்ஸ் பிறந்தது சரியாக இந்தக் கதவு சாத்தியிருந்த காலத்தில். 1977இல் கதவு திறந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரிந்தது. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடை. பத்திரிகையே கோடுபோட்ட கொப்பித்தாளில் அச்சான காலம். இதற்குள் நுழைந்து எங்கள் கைக்கு வந்த கொமிக்ஸில் தேதி பார்த்து என்ன பயன்? நான் வாசிக்காதது எல்லாம் புதிசு.

ஆகவே எங்கள் பரிந்துரை வாசித்து முடித்தவன் வாயிலிருந்துதான் வரும். அவன் கையிலேயே புத்தகமும் இருக்கும். "நல்லது" என்று சொன்னால் இரவல் தரவேண்டும். தர மனமில்லாதவன் "உது சரியில்லை" என்று சொல்லித் தப்புவான். ஒரு கதையை ஒருவன் விடாமல் பழித்தால் அதில் ஏதோ இருக்கிறது என்று நாங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

கேள்விகளும் வேறு. முதலாவது, "எந்த மாயாவி?" முத்து காமிக்ஸின் மாயாவி இரும்புக் கையர். ராணி காமிக்ஸிலோ லீ ஃபால்க் 1936இல் படைத்த முகமூடி வீரர்தான் மாயாவி. அவரையே முத்து காமிக்ஸ்காரர்கள் வேதாளர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பையனுக்கு இந்தக் குழப்பம் குறைவு, அட்டையில் எல்லாம் போட்டிருக்கும். எங்களுக்கு வரும் பிரதிகளில் பாதிக்கு அட்டை கிடையாது. பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு, இரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போய், வேறு மாயாவியோடு திரும்பி வந்தவன் நான்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம்: "கடைசிப் பக்கம் கிடக்கோ?" கை மாறி மாறி முதலில் உதிர்வது அட்டை, பிறகு கடைசித் தாள். கதை எப்படி, படம் எப்படி என்பதெல்லாம் அதற்குப் பிறகு. ஸ்பைடர் என்ற இன்னொரு நாயகனின் கதை ஒன்றில் கடைசித் தாள் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஆரோ ஒரு அண்ணை கொப்பித்தாளில் முடிவை எழுதிக் கோதுமை மாப் பசையால் ஒட்டியிருந்தார். படம் வரையத் தெரியாததால் 'இங்கே பெரிய வெடிப்பு' என்று ஒரு பெட்டிக்குள் எழுதியிருந்தார். அதைப் பரிந்துரைத்தவன் "முடிவு கிடக்கு, ஆனா கையெழுத்து" என்று நேர்மையாகச் சொல்லித்தான் தந்தான்.

இரும்புக்கை மாயாவியை அந்தத் தொண்ணூறுகளில் வாசித்தது தனிக் கூத்து. மாயாவியான லூயிஸ் கிராண்டேல் மின்சாரம் பாய்ந்தால்தான் மறைவார். இரும்புக் கை மட்டும் தெரியும். நாங்களோ மின்சாரமே இல்லாத ஊரில் ஜாம் போத்தல் விளக்கில் குனிந்திருந்து அதைப் படித்தோம். சுவரில் பிளக் இருக்கும் உலகம்தான் எங்களுக்கு விஞ்ஞானப் புனைகதை.

இலங்கை முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துவிடக்கூடாது. இறக்குமதி இறுகியிருந்த அதே எழுபதுகளில் தெற்கில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் கிழமைக்குக் கிழமை வந்தன. கமிலஸ் பெரேராவின் கஜமனுக்குக் காத்திருந்த பிள்ளைகள் இருந்தார்கள். தமிழில் எங்கள் பக்கத்துக் கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம் 'சிரித்திரன்' நடத்தினார், சவாரித் தம்பரை நடமாட விட்டார். ஆனால் தம்பர் பறக்கமாட்டார், மாட்டு வண்டியில்தான் போவார். நீண்டநாள் நின்று பிடித்த சூப்பர் ஹீரோ ஒருவர்கூட எங்களுக்குள் இருந்து வரவில்லை. இரவல் வாங்கியே வளர்ந்த பழக்கம் அதற்கு ஒரு காரணம் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இப்போது நிலைமை தலைகீழ். ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. லயன் 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டுத் திரும்பியது. இன்று சந்தா, பளபளக்கும் தாள், சென்னைப் புத்தகக் காட்சியில் நரைத்த தலைகளின் கூட்டம். உடுப்பிட்டிக்கும் வரவழைக்கலாம். இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்கள் ரூபாய் மூன்றுக்கு மேல், அதன்மேல் தபால் கூலி. இந்தக் கணக்கைப் பார்த்தபின் ஒருவன் இன்னொருவனுக்குச் சும்மா பரிந்துரைக்கமாட்டான்.

மருமகனுக்கு என்ன சொன்னேன்? புதுசை விடு, ஸ்பைடரில் தொடங்கு என்றேன். 1965இல் பிரிட்டிஷ் வார இதழில் வந்தபோது அவன் குற்றவாளிகளின் ராஜாவாக ஆசைப்பட்ட திருடன், பிறகுதான் நல்லவனானான். பின்னாளில் அவனுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். இரும்புக்கை மாயாவியிலும் பழைய கதைகளைத் தேடு. உளவுப்படையில் சேர்ந்து ஒழுங்கான உத்தியோகத்தர் ஆனபின் அவருக்குச் சுவை குறைந்துவிட்டது.

"சரி மாமா, ஸ்பைடர் ரெண்டு வாங்குறேன். உங்களுக்கு ஒண்ணு அனுப்பவா?"

"அனுப்பு. கடைசிப் பக்கம் கிடக்கோ எண்டு பாத்திட்டு அனுப்பு."

"புது புக்கு மாமா," என்றான் அவன்.