குட் டச், பேட் டச்: பாடம் பிள்ளைக்கு, பொறுப்பு யாருக்கு?

பள்ளியில் குழந்தைகளின் பாதுகாப்பு என்றதும் நம் ஊரில் முதலில் கைக்கு வருவது 'குட் டச், பேட் டச்' வகுப்பு. ஒரு பட அட்டை, ஒரு பீரியட், ஓர் ஆசிரியை இருந்தால் போதும். உடலில் எந்தெந்த இடங்களைப் பிறர் தொடக்கூடாது, தொட்டால் எப்படிக் கத்துவது, எங்கே ஓடுவது, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். இந்த எளிமைதான் அதன் பலம். அதன் பலவீனமும் அங்கேயே தொடங்குகிறது.

முதலில் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். பாலியல் கல்வியையும் உள்ளடக்கி 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை, 2007இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் பண்பாட்டைக் காரணம் காட்டித் தடுத்தன. அதே ஆண்டில்தான் மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகத்தின் ஆய்வு வெளிவந்தது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். பாலியல் கல்வி என்றால் கதவைச் சாத்திய பள்ளிகள், பாதுகாப்பு என்ற பெயரில் வந்த தொடுதல் பாடத்தை உள்ளே விட்டன. 2012இல் 'சத்யமேவ ஜெயதே' நிகழ்ச்சியில் ஆமிர்கான் சிறுவர்களை உட்காரவைத்து இதை நடத்திக் காட்டிய பிறகு, பெற்றோரின் கூச்சமும் கொஞ்சம் விலகியது.

பலன் இல்லாமலும் இல்லை. பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு, இத்தகைய வகுப்புகளால் பிள்ளைகளுக்கு விவரம் கூடுகிறது, வீண் பயம் கூடுவதாகத் தெரியவில்லை என்றது. ஆனால் துன்புறுத்தல் உண்மையில் குறைகிறதா என்ற கேள்விக்கு அந்த ஆய்வுகளில் விடை இல்லை. பிள்ளைக்குத் தெரிந்திருப்பது ஒன்று, பிள்ளை பத்திரமாக இருப்பது வேறொன்று.

இந்த இடைவெளிக்கு முதல் காரணம் பாடத்தின் அளவுகோல். பிடித்திருந்தால் நல்லது, பிடிக்காவிட்டால் கெட்டது என்றுதான் பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். ஊசி போடும் டாக்டர் வலிக்கச் செய்கிறார். மிட்டாய் வாங்கித் தந்து மடியில் வைத்துக்கொள்பவர் வலிக்கவே செய்வதில்லை. நெருங்கிப் பழகி நம்பிக்கை பெற்ற பிறகே கை நீளும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் நாடெங்கும் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பான்மையில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். வகுப்பில் காட்டும் படத்திலோ மீசை வைத்த அந்நியர்தான் நிற்கிறார்.

இரண்டாவது காரணம், அந்த ஒரு பீரியட் போக மீதி நேரம் முழுக்க நாம் நடத்தும் எதிர்ப்பாடம். பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும், சாரை எதிர்த்துப் பேசக்கூடாது, மாமாவுக்கு ஒரு முத்தம் கொடு என்றே வளர்க்கிறோம். வருடம் முழுக்கப் பணிவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, ஆபத்து வரும் அந்த ஒரு நொடியில் மட்டும் 'மாட்டேன்' என்று கத்தச் சொல்வது பெரியவர்களின் வசதிக்கான ஏற்பாடு. கத்தாத பிள்ளை, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும் அபாயமும் இதில் இருக்கிறது.

சட்டம் பொறுப்பை இப்படிப் பிள்ளையின் தலையில் வைக்கவில்லை. போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் புகார் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தனக்குக் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு 21ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தின் 2020 விதிகள் பள்ளி ஊழியர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் சரிபார்க்கச் சொல்கின்றன. இருந்தும், 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்ற ஒரு வரி எத்தனையோ புகார்களை ஹெச்.எம். அறையைத் தாண்டவிடுவதில்லை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி இருக்கிறது. 1098, 14417 என்ற உதவி எண்களும் இருக்கின்றன. ஆனால் யாரைப் பற்றிப் புகாரோ அவரிடமே பெட்டியின் சாவி இருக்குமானால், அதில் யார் சீட்டுப் போடுவார்கள்?

மூன்றாவது குறைதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் இந்தப் பாடம், பிறரை மதிக்கச் சொல்லித்தருவதில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளைகளின் சிக்கல்கள் வேறு. வேண்டாம் என்றவளின் பின்னால் சைக்கிளில் போவது, படத்தைப் பரப்புவேன் என்று மிரட்டுவது, சக மாணவனைப் பெண் போல் நடக்கிறான் என்று கேலி செய்வது ஆகியவற்றுக்குத் தொடுதல் அட்டையில் இடமில்லை. மறுக்கும் பெண்ணை விடாமல் துரத்துபவனை நாயகனாக்கிய சினிமாதான் நம் பையன்களுக்கு இந்த விஷயத்தில் பாடம் எடுக்கிறது. பள்ளிக்குத் தெரிந்த ஒரே மருந்து, ஆணையும் பெண்ணையும் தனித்தனி வரிசையில் உட்காரவைப்பது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் காதல் போக்சோ வழக்காகும் சூழலில், சம்மதம், மறுப்பு, பிரிவு பற்றியெல்லாம் இந்த வயதில் பேசாமலிருப்பது இரு தரப்புக்கும் ஆபத்து.

ஆகவே தொடுதல் பாடம் இருக்கட்டும். தொடக்க வகுப்புகளுக்கு அது தேவை. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து மரியாதையும் சம்மதமும் பாடமாகத் தொடர வேண்டும். அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்பதில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி, வகுப்பு நடந்ததா என்று பதிவேட்டில் டிக் அடிப்பதோடு நிறுத்தாமல், வந்த புகார்கள் எத்தனை, அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று கேட்க வேண்டும். ஒரு புகாரும் வரவில்லை என்று பெருமையோடு சொல்லும் பள்ளியைத்தான் அவர் முதலில் சந்தேகிக்க வேண்டும்.