மணியாச்சிக்குப் பிறகு

வாஞ்சிநாதனைப் பற்றி நம்மவர்கள் எழுதிய கதைகளையும் நாடகங்களையும் கைக்குக் கிடைத்தவரையில் படித்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் முடிகின்றன. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி, மணியாச்சி ஜங்ஷன். முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், பக்கத்தில் அவருடைய மனைவி. இளைஞன் ஒருவன் வருகிறான், சுடுகிறான், ஓடிப்போய்த் தன்னையும் சுட்டுக்கொள்கிறான். திரை விழுகிறது. நாம் கை தட்டுகிறோம்.

கை தட்டுவதை நான் குறை சொல்லவில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளை உயிரைத் துச்சமாக நினைத்தான் என்றால் யாருக்குத்தான் நெஞ்சு உருகாது? ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நம் ஆசிரியர்கள் கதை தொடங்க வேண்டிய இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். துப்பாக்கி வெடித்தது ஒரு நிமிஷக் காரியம். அதற்குப் பிறகு ஊர் என்ன ஆயிற்று, சர்க்கார் என்ன ஆயிற்று, பேசவும் எழுதவும் மனிதனுக்கு இருந்த உரிமை என்ன ஆயிற்று என்பது பல வருஷக் கதை. அதை எழுதத்தான் ஆள் இல்லை.

இந்தக் கதைக்கு உரிய ஊர் மணியாச்சி அல்ல; தென்காசிச் சீமை. வாஞ்சி பிறந்த செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்தது; 1956-ல்தான் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. ஐந்தாறு மைலில் இருக்கும் தென்காசியோ பிரிட்டிஷ் சீமை. அந்த எல்லைக்கு அருகிலேயே குற்றாலம். ஆனி பிறந்து சாரல் கட்டியதும் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் அருவிக்கரைக்கு இளைப்பாற வருவார்கள். அதே வட்டாரத்தில், 1910-ல் தென்காசியில் கூடிய ஒரு கூட்டத்தில், குங்குமம் கரைத்த நீரை வெள்ளையன் இரத்தமாகப் பாவித்துக் குடித்துச் சபதம் செய்தார்கள் என்று பின்னால் வழக்கில் சாட்சி சொல்லப்பட்டது. எத்தகைய நாவலுக்கு நிலைக்களம் பாருங்கள்!

இந்த வெறி ஆகாயத்திலிருந்து விழவில்லை. 1908 மார்ச்சில் வ. உ. சிதம்பரம் பிள்ளையைக் கைது செய்தார்கள். திருநெல்வேலி கொதித்தது. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். பிள்ளைக்கு முதலில் விதித்த தண்டனை நாற்பது வருஷத் தீவாந்தரம். அப்பீலில் அது குறைந்தது. அதோடு போகவில்லை. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே கட்டினார்கள். கல்லெறிந்தவன் எவன் என்று தெரியவில்லையா, ஊர் முழுவதும் தண்டம் கட்டட்டும்! பயமுறுத்தி ஆள்வது என்ற பாடத்தை அந்த இளைஞர்கள் படித்த பள்ளிக்கூடம் இதுதான். இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் தேசபக்தியோடு சாதிச் செருக்கும் கலந்திருக்கிறது. நம் நாடகாசிரியர்கள் அந்த வரியை நாசூக்காக விட்டுவிடுகிறார்கள். பாத்திரத்தைப் பூஜை செய்யலாம், அல்லது புரிந்துகொள்ளலாம். இரண்டையும் ஒருசேரச் செய்வது கஷ்டம்.

சரி, மறுநாளைக்கு வருவோம். வீடுகளில் சோதனை, கடிதங்கள் பறிமுதல். தருமராஜ ஐயர், வெங்கடேசுவர ஐயர் என்ற இருவர் விசாரணைக் கூண்டில் ஏறுவதற்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார்கள். கூட்டாளிகளில் சிலர் அப்ரூவர் ஆனார்கள். கூடச் சேர்ந்து சபதம் செய்தவன் காட்டிக்கொடுக்கிறான். தெருவில் எதிர்ப்பட்டவன் முகம் திருப்பிக்கொள்கிறான். பொன்னம்மாள் என்ற இளம் மனைவி விதவையானாள். ரயில் பெட்டியில் கண்ணெதிரே கணவனைப் பறிகொடுத்த அந்த வெள்ளைக்காரப் பெண்மணியும் விதவைதான். இவர்களில் ஒருவரையாவது நம் கதைகளில் உயிருள்ள பாத்திரமாகச் சந்தித்திருக்கிறீர்களா? நான் சந்தித்ததில்லை.

பதினான்கு பேர் மீது வழக்கு. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி. கொலை நடந்தபோது அவர் மணியாச்சியில் இல்லை. ஆனால் ராஜ்யத்துக்கு எதிராகச் சதி செய்தார் என்று ஏழு வருஷம் கடுங்காவல் கிடைத்தது. பிற்காலத்தில் அவர் துறவியாகி நந்தி மலையில் வாழ்ந்து, 1978-ல் காலமானார். வழக்கை விசாரித்த மூன்று ஹைகோர்ட் நீதிபதிகளில் ஒருவர் சி. சங்கரன் நாயர். மற்ற இருவரோடும் ஒத்துப் போகாமல் அவர் தனித் தீர்ப்பு எழுதினார். நாடே பதறிக் கிடக்கும் வேளையில், 'சாட்சியம் எங்கே?' என்று ஒருவர் நிதானமாகக் கேட்பதற்குத் துப்பாக்கி பிடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகத் துணிச்சல் வேண்டும் என்பது என் எண்ணம்.

சர்க்காரின் பயம் எழுத்தையும் விட்டு வைக்கவில்லை. 1910-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம் தயாராகவே இருந்தது. 1911-ல், ஆஷ் கொலைக்குச் சில மாதங்களுக்குள், பாரதியாரின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' இரண்டையும் தடை செய்தார்கள். 'ஆறில் ஒரு பங்கு' வெடிகுண்டு செய்யும் முறையைச் சொல்லும் நூல் அல்ல. தீண்டாமை கூடாது என்று சொல்ல வந்த சிறுகதை. தமிழில் சிறுகதை என்ற உருவமே அரும்பிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது. கலெக்டரைச் சுட்டதற்காகத் தீண்டாமையை எதிர்த்த கதைக்குத் தடை! பயந்தவன் கைக்கு எது அகப்படுகிறதோ அதை அடிக்கிறான்.

பாரதியார் 1918 நவம்பரில் புதுவையை விட்டு வந்ததும் கைதானார். திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருக்க வேண்டும், எழுதுவதைப் போலீஸ் இலாகாவிடம் காட்டி அனுமதி பெற்ற பிறகே வெளியிட வேண்டும் என்ற நிபந்தனைகளின் பேரில் விடுதலை. செல்லம்மாளின் ஊரான கடையத்துக்கு, தென்காசிக்குப் பக்கத்திலேயே, வந்து சேர்ந்தார். தமிழின் மகாகவி, தம் பாட்டைப் போலீஸ் அதிகாரியின் மேஜைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்! சுட்டவன் மாண்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. சட்டத்துக்கு மட்டும் பயம் தெளியவில்லை.

அதே 1918-ல் ரௌலட் கமிட்டி அறிக்கை வெளிவந்தது. சென்னை ஹைகோர்ட் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியும் அதில் ஓர் அங்கத்தினர். சென்னை மாகாணத்துக்கு என்று அதில் ஒரு பகுதி உண்டு. ஆஷ் கொலை அங்கே இடம் பெற்றிருக்கிறது. அறிக்கையின் விளைவு 1919-ஆம் வருஷத்து ரௌலட் சட்டம்: விசாரணையின்றிச் சிறை, அப்பீல் இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியின் நடுவே ஏப்ரல் 13-ஆம் தேதி ஜாலியன்வாலா பாக். அரசாங்கக் கணக்குப்படியே 379 பேர் செத்தார்கள். வைசிராயின் நிர்வாக சபையில் அப்போது இருந்த சங்கரன் நாயர், பஞ்சாப் கொடுமையைக் கண்டித்து ராஜிநாமா செய்தார்.

'அதெல்லாம் அந்நியன் ஆட்சி. இப்போது நம் ஆட்சி அல்லவா?' என்று நீங்கள் கேட்கலாம். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும், கூட நின்ற பலரையும் குண்டு வைத்துக் கொன்றார்கள். மன்னிக்க முடியாத பாதகம் அது. விசாரணை தடாச் சட்டப்படி நடந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்கலாம் என்றது அந்தச் சட்டம். 1998-ல் விசேஷக் கோர்ட்டு 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு, இந்த வழக்குக்குத் தடாக் குற்றங்கள் பொருந்தாது என்று சொல்லி அவர்களில் 19 பேரை விடுவித்தது. எனினும் அந்த வாக்குமூலங்களைத் தள்ளிவிடவில்லை. 19 கழுத்துகள் கயிற்றுக்கு எவ்வளவு அருகில் போய்த் திரும்பின என்று எண்ணிப் பாருங்கள்!

தடா 1995-லேயே காலாவதியாயிற்று. 2002-ல் பொடா வந்தது. தென்காசிச் சீமையின் கலிங்கப்பட்டியில் பிறந்த வைகோ, மேடையில் பேசிய பேச்சுக்காக அந்தச் சட்டத்தில் கைதாகி, ஏறத்தாழ 19 மாதம் சிறையில் இருந்தார். பொடாவைக் கொண்டுவந்த கூட்டணியில் அவருடைய கட்சியும் ஒன்று. 2004-ல் பொடா ரத்தாயிற்று. ஆனால் அதன் ஷரத்துகள் பலவும் 1967-ஆம் வருஷத்துச் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. 2008-ல் செய்த திருத்தத்தால் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை காவலில் வைக்கலாம். ஜாமீன் கிடைப்பது அரிது.

அப்படியானால் சர்க்கார் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? கூடாது. 1998-ல் கோயம்புத்தூரில் வெடித்த குண்டுகளுக்கு ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் பலியானார்கள். அவர்களுடைய குடும்பங்களுக்கு நியாயம் கிடைத்தே ஆகவேண்டும். குற்றம் செய்தவனைக் கண்டுபிடிப்பதுதான் நியாயம். எவனையாவது பிடித்து வைப்பது அல்ல. அவசரச் சட்டம் போலீசுக்கு இரண்டாவது வேலையைச் சுலபமாக்குகிறது. அதனால் முதல் வேலையில் ஊக்கம் குறைகிறது.

சர்க்காரை மட்டும் சொல்லிப் பயனில்லை, நாமும் அப்படித்தான். 2008 ஜனவரி 24-ல் தென்காசியில் ஆர். எஸ். எஸ். அலுவலகத்திலும் பஸ் நிலையத்தின் அருகிலும் குண்டுகள் வெடித்தன. அதற்கு முந்திய வருஷம் நடந்த கொலைகளால் ஊர் ஏற்கெனவே இரண்டுபட்டுக் கிடந்தது. யார் மீது சந்தேகம் பாய்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சில நாட்களில் போலீசார் கைது செய்தவர்களோ ஹிந்து இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். தம்மவர்களின் கோபத்தை மற்றவர் மீது கிளப்பிவிடவே குண்டு வைத்தார்கள் என்றது போலீஸ். அந்தச் சில நாட்கள் இருக்கின்றனவே, அவற்றில் எத்தனை கடைகளில் பழைய வாடிக்கைக்காரர்கள் படி ஏறாமல் போயிருப்பார்கள்? எத்தனை வீடுகளில், 'அந்தப் பையனோடு சேராதே' என்று பிள்ளையைக் கண்டித்திருப்பார்கள்? குண்டு வைப்பவனுக்கு வேண்டியது இதுதான். அவன் வெடிப்பது ஒரு நாள். மிச்சக் காரியத்தை நாம் செய்து கொடுக்கிறோம்.

ஆகையால் நம் இளம் எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மணியாச்சி ரயில் நிலையத்துக்கு இன்று வாஞ்சியின் பெயர் இருக்கிறது. செங்கோட்டையில் மணிமண்டபமும் இருக்கிறது. அவனுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தாகிவிட்டது. இனி அந்த ரயில் நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள். அப்ரூவராகப் போனவன் வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்ததா என்று எழுதுங்கள். கடையத்துக் கவிஞரின் கையெழுத்துப் பிரதியைப் பிரித்துப் பார்த்த போலீஸ்காரர் தமிழ் ரசிகராக இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கற்பனை செய்யுங்கள். தென்காசிக் கடைத்தெருவில் வழக்கமான பலசரக்குக் கடையை ஒரு வாரம் தவிர்த்துவிட்டு, எட்டாம் நாள் எந்த முகத்தோடு படி ஏறினார் ஒரு குடும்பத் தலைவர் என்று எழுதுங்கள். இவற்றில் கை தட்டுவதற்கு இடமில்லைதான். படித்துவிட்டு வாசகர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், எனக்கு அது போதும்.