பித்தளைப் பட்டணத்தின் படிப்பினை

ஆடி மழை பிடித்துக்கொண்டால் சேரம்பாடியின் தேயிலைச் சரிவுகள் மூடுபனியில் மறைந்துவிடும். அத்தகைய மாலையொன்றில், முன்பு நம்மிடம் அரபு பயின்று இப்போது கோவையில் கல்லூரியில் படிக்கும் மாணவர் ஒருவர் வந்தார். "உஸ்தாத், ஷாயிர் என்றால் கவிஞர் என்றுதானே கற்றுத் தந்தீர்கள்? இந்த ஆட்டத்தில் ஜின்களை ஏவல் கொள்ளும் மந்திரவாதியை அல்லவா ஷாயிர் என்கிறார்கள்!" என்றார். ஆட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம். ஆடுமுன் அவ்வுலகின் கதைகளைக் கற்க வேண்டுமாம். அவரோடு அமர்ந்து நாமும் கற்றோம்.

அமெரிக்காவில் 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பர்; துணிந்த செயல் பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். இவ்வாட்டத்திற்கென ஜெஃப் கிரப் என்பவர் எழுத, 1992ல் வெளிவந்த கற்பனை உலகமே 'அல்-கதீம்'. கலீஃபா, ஜின், இஃப்ரீத், மாரித் என நமக்குப் பழகிய பெயர்கள் அங்கு நிறைந்துள்ளன.

மாணவரின் ஐயத்தை முதலில் தீர்த்தோம். கவிஞனுக்குக் கவி சொல்லித்தர ஒரு ஜின் உண்டென்று அறியாமைக் கால அரபிகள் நம்பினர். ஆகவே, ஷாயிருக்கு ஜின்னைத் துணையாக்கியது முற்றிலும் ஆதாரமற்றதன்று. எழுதியவர் ஓரளவு கற்றே எழுதியிருக்கிறார். அதைப் பாராட்டுவதே நியாயம்.

ஆனால் குறைகளும் உள. 'கதீம்' என்பதற்குப் பழமையானது என்பது பொதுப்பொருள். அகீதா நூல்களிலோ அது தொடக்கமற்ற இறைவனின் பண்பைக் குறிக்கும் சொல். பல தெய்வங்களை உடைய ஒரு கற்பனை உலகுக்கு அப்பெயர் சூட்டப்பட்டிருப்பதைக் காண நமக்கு உறுத்துகிறது. ஜின்கள் நெருப்பினின்று படைக்கப்பட்டனர் என்பது திருக்குர்ஆன் கூறும் செய்தி. ஆட்டமோ யவனரின் நாற்பூதக் கொள்கையைப் புகுத்தி, ஜின்னைக் காற்றுக்கும் இஃப்ரீத்தை நெருப்புக்கும் மாரிதை நீருக்கும் பங்கிட்டுவிட்டது.

பெருங்குறை பித்தளைப் பட்டணத்தில் இருக்கிறது. 1979ல் வந்த நடத்துநர் கையேட்டின் அட்டையிலேயே அப்பட்டணமும் இஃப்ரீத்தும் ஓவியமாகியுள்ளன. ஆட்டத்தில் அது இஃப்ரீத்துகளின் செல்வத் தலைநகர். வீரர்கள் பொருள் தேடிச் செல்லும் இடம். ஆயிரத்தோரு இரவுகளில் வரும் மூலக்கதையோ வேறு. நபி சுலைமான் (அலை) அவர்கள் ஜின்களை அடைத்த குடுவைகளைத் தேடிவருமாறு கலீஃபா அப்துல் மலிக் ஆணையிட, மூஸா இப்னு நுஸைர் புறப்படுகிறார். வழியில் ஒரு பட்டணம். கடைகள் திறந்திருக்கின்றன, மக்கள் இறந்து கிடக்கின்றனர். அரசி உயிரோடிருப்பவள் போலக் கட்டிலில் கிடக்கிறாள். செல்வம் நிலையாது என்று பலகைகள் எச்சரிக்கின்றன. அதைக் கேளாமல் அவள் நகையில் கைவைத்தவன் அங்கேயே வெட்டுண்டு மாய்கிறான். மூஸாவோ பதவியைத் துறந்து பைத்துல் முகத்தஸில் வணக்கத்தில் அமர்கிறார். பேராசைக்கு எச்சரிக்கையாக எழுந்த பட்டணம், பேராசைக்கே அழைப்பாகிவிட்டது!

உமறுப் புலவரும் அரபு நாட்டை மாற்றித்தான் பாடினார். சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தில் அரபு மண்ணில் தமிழகத்து வயலும் நீர்வளமும் செழிக்கின்றன. அவர் நிலத்தை மாற்றினார், நெறியை மாற்றவில்லை. இவ்வாட்டத்தாரோ பெயர்களை வைத்துக்கொண்டு, அவை சுமந்து வந்த கருத்தை இறக்கிவிட்டனர்.

இதனால் பிள்ளைகளின் கையிலிருந்து அந்நூலைப் பறிக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. கற்பனையைக் கற்பனையென்று அறிந்து ஆடுவோருக்கு அது ஒரு கதையரங்கம். நம்மை வருத்தியது வேறொன்று. நம்மிடமே ஐந்தாண்டு ஓதிய அம்மாணவர் மூலக்கதையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். இலக்கணத்தைக் கற்பித்த நாம் கதையைச் சொல்லாமல் விட்டிருந்தோம். அயலார் வந்து சொன்னபின் திருத்துவதைவிட, நாமே முந்திச் சொல்லியிருக்கலாம்.

மழை விடுமுன் மாணவர் கேட்டார்: "அந்தக் கதையை இன்னொரு முறை சொல்லுங்கள், உஸ்தாத். நண்பர்களுக்கும் சொல்ல வேண்டும்." சொன்னோம். இம்மழைக்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பெரியோர் ஒருவர் அதைச் சொல்லட்டும்.