மெய்நிகர் அறையில் அரிக்கமேடு

பல்கலைக்கழகத்தில் மெய்நிகர் ஆய்வகம் திறந்தால் செய்தித்தாளில் ஒரே மாதிரிப் படம்தான் வரும்: பிரமுகர் முகத்தில் வி.ஆர். கண்ணாடி, சுற்றிலும் கைதட்டல். கண்ணாடிக்குள் என்ன ஓடியது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவேண்டியது அதைத்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வகம் 1992இல் காட்டிய ‘கேவ்’, ஏறத்தாழப் பத்தடிக்குப் பத்தடி அறை. சுவரிலும் தரையிலும் முப்பரிமாணப் படம் விழும். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே உள்ளே நின்று பேசலாம். புதுச்சேரிக்கு இது உதவும். வைசியாள் வீதியின் பழைய வீடொன்றை லேசரால் அளந்து அறைக்குள் ஏற்றினால், தாழ்வாரத் தூணும் முற்றமும் அசல் அளவில் எழும். விரிசலைச் சுட்டிக்காட்டிப் பொறியாளரும் கொத்தனாரும் மாணவரும் வாதாடலாம். 2014 நவம்பர் மழையில் பழைய நகராட்சி அலுவலகமான மேரி கட்டடம் இடிந்து விழுந்த ஊர் இது. அதைப் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த யோகம் வாய்க்காது.

நாலு பேர் என்றேனே, அதிலும் ஒரு வில்லங்கம். கேவ் அறை ஒருவரின் தலையசைவை மட்டுமே பின்தொடர்ந்து படத்தைத் திருத்தும். மற்றவர்களுக்குத் தூண் சற்றுச் சாய்ந்தே தெரியும். சிலருக்குத் தலைசுற்றல் வேறு. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்கமுடியாத குறை, புதுச்சேரியை அடுத்த பழந்துறைமுகமான அரிக்கமேட்டை ஏற்றும்போது வெளிப்படும். 1945இல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், நீண்ட செங்கல் கட்டடத்தைக் கிடங்கு என்றார். தொட்டிகளில் மஸ்லினுக்குச் சாயம் தோய்த்திருக்கலாம் என்றார். பின்வந்தவர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. புத்தகத்தில் ‘இருக்கலாம்’ என்று எழுதலாம், வரைபடத்தில் புள்ளிக்கோடு போடலாம். மெய்நிகர் அறையிலோ கூரை போட்டே ஆகவேண்டும்: ஓடா, கீற்றா? தொட்டியில் நீலச் சாயம் தளும்பிவிட்டால், பார்த்த பள்ளிப் பிள்ளைக்கு அதுவே வரலாறு. எது சான்று, எது ஊகம் என்று பதிவுசெய்யச் சொல்லும் லண்டன் சாசனத்தின் திருத்திய பதிப்பு 2009இலேயே வந்தாயிற்று. அந்தப் பதிவை ஏதோ ஒரு கோப்பில் பதுக்காமல் படத்திலேயே காட்டவேண்டும்: அகழ்ந்தெடுத்த செங்கல்லுக்கு அதன் நிறம், ஊகச் சுவருக்கு வெறும் சாம்பல். அழகு குறையும், குறையட்டும்.

அப்புறம் காசு. புரொஜெக்டர், கணினி, மென்பொருள் எல்லாம் சில ஆண்டுகளில் பழசாகும். திட்ட நிதி தீர்ந்தால் பராமரிக்க ஆளிருக்காது. செயின்ட் லூயி வீதியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் 1950களிலிருந்து சேர்ந்த நிழற்படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்த நெகட்டிவை இன்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். பத்தாண்டுப் பழைய வி.ஆர். கோப்பைத் திறக்க அந்தக் காலத்துக் கருவியைத் தேடி அலையவேண்டும். காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இப்படியொரு அறை கட்டுவதானால், முதல் தொகை வீடுகளை அளப்பதற்கும், அளவுகளை எந்தக் கணினியிலும் திறக்கும் வடிவில் காப்பதற்கும் போகட்டும். திரை வாங்குவது பிறகு.