எண்பத்து மூன்றையும் பதினொன்றையும் மோதவிட்டால்

பாளையம்பட்டிப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றிவிட்டால் அதுதான் கிரிக்கெட் மைதானம். அங்கே ஓயாமல் நடக்கும் வழக்கு ஒன்று உண்டு: கபில்தேவின் 1983 அணியும் தோனியின் 2011 அணியும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? முன்பெல்லாம் குரல் பெரிதாக இருந்தவர் ஜெயித்தார். இன்று செல்போனில் இரண்டு அணிகளையும் இறக்கி, ஏழு ஆட்டத் தொடர் ஒன்றை ஓடவிட்டு, முடிவைக் காட்டிவிடலாம். இந்தக் கற்பனைத் தொடர்களை நான் விரும்புகிறவன். அதனாலேயே அவை எங்கே ஏமாற்றுகின்றன என்று பேசவேண்டியிருக்கிறது.

இதற்கு நம்மிடமே மூதாதைகள் உண்டு. புத்தக கிரிக்கெட்டில் பக்கத்தைப் புரட்டினால் எண்ணின் கடைசி இலக்கம் ரன்; பூஜ்யம் வந்தால் அவுட். அங்கே கவாஸ்கரும் கடைசி ஆட்டக்காரரும் ஒன்று, எல்லாமே அதிர்ஷ்டம். ட்ரம்ப் கார்டில் நேர்மாறு. சராசரி பெரிதாக இருந்தால் வெற்றி, அட்டை கைக்கு வந்தபின் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை. இரண்டையும் இணைத்தவர்கள் அமெரிக்கர்கள். ஹால் ரிச்மன் 1961இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் பேஸ்பால் ஆட்டத்தில் ஒவ்வொரு வீரருக்கும் அவருடைய கணக்கிலிருந்து செய்த அட்டை. பகடை விழுந்தபடி ஒரு முறை அடிப்பவரின் அட்டை பேசும், இன்னொரு முறை எறிபவரின் அட்டை. வெவ்வேறு பத்தாண்டுகளின் அணிகள் ஒரே மேசையில் மோதின. இன்றைய கணினி ஆட்டங்களின் அடிப்படையும் இதுவே. பேஸ்பாலுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒவ்வொரு மோதலும் ஏறக்குறையத் தனித்தனி. கிரிக்கெட்டில் பந்து தேயும், ஆடுகளம் வெடிக்கும், முந்தைய ஓவரின் பாரம் அடுத்த ஓவரில் ஏறும்.

முதல் சிக்கல் எண்களில் இருக்கிறது. ஸ்ரீகாந்தின் ஒருநாள் ஆட்ட வேகம் நூறு பந்துக்கு ஏறத்தாழ 72 ரன். கம்பீருக்கு 85. இதை அப்படியே கணினியில் போட்டால் சென்னையின் அந்த அதிரடிக்காரர் நிதானமானவராகிவிடுவார். ஆனால் லார்ட்ஸில் நடந்த 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இந்தியா 54.4 ஓவரில் 183, மேற்கிந்தியத் தீவுகள் 52 ஓவரில் 140. ஓவருக்கு மூன்று ரன்தான் வந்தது. 2011 வான்கடே இறுதியாட்டத்தில் இலங்கை 50 ஓவரில் 274, இந்தியா 48.2 ஓவரில் 277, ஓவருக்கு 5.6. லார்ட்ஸில் ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38 எடுத்தார், அதாவது ஓவருக்கு 4. அன்றைய ஆட்டத்தின் வேகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். அன்று இரு அணியிலும் அதைவிடப் பெரிய ஸ்கோர் இல்லை. கம்பீர் 122 பந்தில் 97. ஆட்டத்தின் வேகத்துக்குக் கீழே. தோனி 79 பந்தில் 91, மேலே. ஆனாலும் விகிதக் கணக்கில் ஸ்ரீகாந்தை எட்டவில்லை.

காலத்தை இப்படிக் கழித்துப் பார்ப்பது நேர்மையான வழி. அதுவும் முழு உண்மை ஆகாது. மலிங்கா சேவாக்கை அனுப்பியபின் வந்தவர் கம்பீர்; டெண்டுல்கரும் மலிங்காவிடம் வீழ்ந்து 31க்கு 2 ஆனது. நின்று ஆடுவதுதான் அவர் வேலை. எந்த விகிதமும் அந்தப் பொறுப்பை அளக்காது. ஒரு ரன் எதற்காக எடுக்கப்பட்டது என்பது ஸ்கோர்போர்டில் இல்லை. இந்தக் கலையின் தீராத குறை என்று நான் நினைப்பது இதைத்தான்.

பலம் எங்கே என்றால், தற்செயலை நமக்குப் புரியவைப்பதில். நூறு ஆட்டத்தில் 55 ஜெயிக்கக்கூடிய அணி ஏழு ஆட்டத் தொடர்களில் நூற்றுக்கு 61 தொடர்களைத்தான் வெல்லும். மிச்சம் 39 பலவீனமான அணிக்குப் போகும். ஆகவே ஒரே ஒரு தொடரை ஓட்டிவிட்டு ‘2011தான் பெரிய அணி’ என்பது வெறும் பேச்சு. ஆயிரம் தொடர் ஓட்டி எத்தனை முறை யார் என்று பார்த்தால் கொஞ்சம் பொருள் வரும். வரலாறே இதற்குச் சான்று வைத்திருக்கிறது. 1983 என்ற அந்த ஒரே ஆண்டில் இந்தியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் பதினொரு ஒருநாள் ஆட்டங்களில் மோதின. அங்கே சென்று ஆடிய தொடரில் மார்ச்சில் பெர்பிசில் இந்தியா ஜெயித்தது, மற்ற இரண்டில் தோற்றது. உலகக் கோப்பையில் இரண்டு வெற்றி, ஒரு தோல்வி. இந்தியா கோப்பையோடு ஊர் திரும்பிய பிறகு, லாயிட் தலைமையிலான மேற்கிந்தியத் தீவுகள் அணி இங்கே வந்து ஐந்துக்கு ஐந்தும் வென்றது. கணக்கு 8க்கு 3. கணினி ‘மேற்கிந்தியத் தீவுகள்’ என்று சொல்லியிருந்தால் அது தவறல்ல. ஆனால் ஜூன் 25 இறுதியாட்டத்தில் நடந்தது நடந்ததுதான். அந்த மூன்றில் ஒன்று சரியான நாளில் விழுந்தது என்று தெரிந்துகொண்டால் மதிப்பு குறையாது. எனக்கு அந்த அணியின் துணிவு இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

கணினி முடிவை வணிகம் எப்படி வளைக்கும் என்பதற்கு கணினிக் கணிப்பை வைத்து எடுத்து 1970இல் திரையரங்குகளில் காட்டிய மார்சியானோ–முகமது அலி கற்பனைக் குத்துச்சண்டைப் படம் போதும். அமெரிக்காவில் மார்சியானோ வென்றார். ஐரோப்பாவில் காட்டிய படத்தில் அலி வென்றார்.

எண்களின் ஆட்டத்தில் எண் இல்லாதவர்களுக்கு இடம் கிடையாது என்பது இன்னொரு கடுமையான குறை. தலித் குடும்பத்தில் பிறந்த பல்வங்கர் பாலு 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். எல்லாக் காலத்துக்குமான இந்திய அணி என்று கணினியிடம் கேட்டால் அவர் பட்டியலுக்கே வரமாட்டார். இந்தியப் பெண்கள் அணிக்கு 1976இல் முதல் டெஸ்ட் தலைவியாக நின்ற சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியும் இந்த வாக்குவாதங்களில் அபூர்வமாகத்தான் வருகிறார்.

பையன்களிடம் நான் கேட்பது முடிவை அல்ல. எத்தனை ஓவர், 60ஆ 50ஆ? சிவப்புப் பந்தா வெள்ளையா? பவர்பிளே உண்டா? இந்த விதிகளைத் தீர்மானிக்க உட்கார்ந்தாலே 1983 பற்றி நிறையத் தேடிப் படிக்க வேண்டிவரும். டன்பிரிட்ஜ் வெல்ஸில் 17க்கு 5 என்று இந்தியா தடுமாறிய ஆட்டத்தில் கபில் ஆட்டமிழக்காமல் அடித்த 175 ரன்களுக்குத் தொலைக்காட்சிப் பதிவு கிடையாது, ஸ்கோர் எழுதியவர்களின் தாள்தான் முக்கியச் சாட்சி. கண்மாய்க்குள் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளிலும் யாராவது ஒரு நோட்டில் பந்துக்குப் பந்து எழுதி, அதைப் பத்திரப்படுத்தலாம். கருப்பட்டி நிறக் கரிசலில் இன்று ஆடுகிறவர்களைப் பற்றி இருபது வருஷம் கழித்து வாதாடுகிறவர்களுக்கு வேறு எதுவும் கிடைக்கப்போவதில்லை.