காமன் பொட்டலும் விழா மேடையும்

மலையகக் கூத்தைப் பற்றி நம்மிடையே இருவகைப் பேச்சுகள் உலவி வருகின்றன. ஒரு சாரார் அதனை மரபுச் செல்வம் என்று வானளாவப் புகழ்கின்றனர். மற்றொரு சாரார், படித்தவர்கள் இருந்து பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் எதிரெதிர்த் திசையில் நிற்பவர்கள் போலத் தோன்றினாலும், ஒன்றில் ஒத்துப் போகிறார்கள்: இருவருமே கூத்தை விடியும்வரை உட்கார்ந்து பார்ப்பதில்லை. புகழ்பவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் புகழ்கிறார். இகழ்பவர் அதையும் பாராமலே இகழ்கிறார். ஒரு நாவல் வெளிவந்தால் அதன் பாத்திரப் படைப்பு எப்படி, முடிவு பொருந்துகிறதா என்றெல்லாம் ஆராய்கிற நாம், ஒரு தோட்டத்து மக்கள் பல இரவுகள் உழைத்து ஆடுகிற கூத்தைப் பற்றி “சிறப்பாக நடைபெற்றது” என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகிறோம். இந்த ஒற்றை வரியில் மரியாதை இல்லை, அலட்சியமே இருக்கிறது. விமரிசனத்துக்கு உரியதாகக் கருதப்படாத கலை, கலையாகவே கருதப்படவில்லை என்பதுதான் பொருள்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலும், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்கள் பலவற்றிலும் ஆடப்பெறும் காமன் கூத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் மலையகத்தின் பெருங்கூத்துகளே. ஆயினும், ஒரு தோட்டம் முழுவதையும் ஆட்டக் களமாக்கிக்கொள்ளும் கூத்து என்ற வகையில் காமன் கூத்துக்குத் தனி இடம் உண்டு. மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் கம்பம் ஊன்றப்படுகிறது. அன்று முதல் இரவுதோறும் தப்பு முழங்குகிறது. ரதியும் மதனும் வேடமிட்டு லயம் லயமாகச் சென்று ஆடுகின்றனர். பௌர்ணமி இரவில் காமன் தகனம். தோட்டத்துக்குத் தோட்டம் முறையில் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். அடிப்படை அமைப்பு இதுதான்.

இந்தக் கால அமைப்பைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். மாசி, மலைச்சரிவின் இப்பக்கத்தில் மழை குறைந்த காலம். கொழுந்தும் குறைவு. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் திறந்த பொட்டலில் இரவு முழுவதும் எவரும் அமர்ந்திருக்க முடியாது. இலங்கையில் பௌர்ணமி பொது விடுமுறை நாளாகவும் அமைந்துவிட்டது. தமிழகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு வழிபாட்டுக் கூத்தைத் தொழிலாளர்கள் தங்கள் உழைப்பின் கால ஓட்டத்தோடு பொருத்தி வாழ வைத்தனர். ஆண்டு முழுவதும் பிறர் குறித்த நேரத்துக்கு எழுந்து, பிறர் குறித்த மலைக்கு ஏறும் மக்கள், தாங்களே நேரத்தைக் குறித்துக்கொள்ளும் சில இரவுகள் இவை. கூத்தின் முதற்பெருமை இதுவே.

இனிக் கதைக்கு வருவோம். தேவர்களுக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதற்காகச் சிவனுடைய தவத்தைக் கலைக்கும்படி மன்மதனை அனுப்புகின்றனர். ரதி தடுக்கிறாள், மதன் போகிறான், நெற்றிக் கண்ணால் எரிகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கி அவன் உயிர்ப்பிக்கப்பட்டாலும், அவள் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான் என்பது புராணம். கச்சியப்பரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலமாக வருவதும் இக்கதைதான். ஆனால் புராணத்தில் இது முருகன் பிறப்பதற்கு முன் நிகழும் ஓர் இடைநிகழ்ச்சி. காமன் கூத்திலோ இதுவே முழுக்கதை. மேலிடத்தின் ஆணையை நிறைவேற்றப் போன ஒருவன் மற்றொரு மேலிடத்தின் கோபத்தால் அழிகிறான். இழப்பைச் சுமப்பவள் வீட்டிலிருக்கும் பெண். தேவர்களுடைய காரியம் என்னவாயிற்று என்று பொட்டலில் எவரும் கேட்பதில்லை. ரதி என்ன ஆனாள் என்பதுதான் கேள்வி. கதையின் நடுப்புள்ளியை இப்படி இடம் மாற்றி வைத்திருப்பது, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் கலைத்தீர்ப்பு. இதனைச் செய்தவர்களைப் ‘பாமரர்’ என்று எழுதுவோர் அச்சொல்லை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கூத்தின் நெஞ்சு ரதி மதன் தர்க்கத்தில் இருக்கிறது. போகாதே என்று ஒருத்தி சொல்வதும், போக வேண்டும் என்று ஒருவன் சொல்வதும் ஒரே மெட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவசரக்காரருக்கு இது சலிப்பூட்டும். ஆயின், அந்தத் திரும்பல்தான் நாடகம். நள்ளிரவு தாண்டிய குளிரில், ஒவ்வொரு சுற்றிலும் தப்பு சற்று நெருங்கி வர, ரதியின் வாதம் மன்றாட்டாகவும் மன்றாட்டு முன்னறிந்த துக்கமாகவும் மாறுகிறது. தீப்பந்தங்களிடையே வீரபத்திரன் தோன்றும்போது கூட்டம் நடுங்குவது வேடத்தின் பயங்கரத்தால் மட்டுமன்று. இவ்வளவு நேரம் தடுத்தும் தடுக்க முடியாமற் போயிற்றே என்பதனாலும்தான்.

இந்தக் கூத்து இப்போது அரச சாகித்திய விழாக்களிலும், பண்பாட்டு நிகழ்ச்சிகளிலும் மேடையேறுகிறது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை 2023ஆம் ஆண்டு நினைவு கூர்ந்ததற்குப் பின், மலையகக் கலை என்ற சொல்லுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. இதனை வரவேற்க வேண்டும். ஆனால் மேடையில் நடப்பது என்ன? குழுவுக்கு இருபது நிமிடம் தரப்படுகிறது. இருபது நிமிடத்தில் முதலில் வெட்டப்படுவது தர்க்கமும் புலம்பலும். எஞ்சுவது சலங்கையும் வண்ண உடையும் வீரபத்திரனின் ஆவேசமும். இழப்பு போய்விட்டது, காட்சி நிற்கிறது. தடுத்தவள் இல்லாமல் எரிந்தவன் மட்டும் இருந்தால் அது வாணவேடிக்கையேயன்றிக் கூத்தாகாது.

சுருக்குவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போரை 1962இலும், இராவணேசனை 1964இலும் மேடையேற்றியபோது, விடிய விடிய ஆடும் மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார். எதை நீக்கினால் பாத்திரத்தின் உள்ளம் தெளிவாகும் என்று சிந்தித்து நீக்கினார். அது ஆக்கத்துக்கான சுருக்கம். கடிகாரத்துக்காகச் செய்யும் சுருக்கம் வேறு. ஒன்று வருந்தத்தக்கது: பேராதனை நம் மலையின் அடிவாரத்தில் இருந்தும், அந்த மறுமலர்ச்சியின் பெருவெளிச்சம் தோட்டத்துக் கூத்துகளின் மேல் விழவில்லை. 1948இல் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்ட மக்களின் கலை, நாட்டின் கலைக்கணக்கில் இடம்பெறத் தாமதமானதில் வியப்பில்லை. சி. வி. வேலுப்பிள்ளையும் சாரல் நாடனும் மாத்தளை வடிவேலனும் தொகுத்தும் எழுதியும் வைத்திராவிட்டால், நம் கையில் இன்று பேச்சுக்கும் ஆதாரம் இராது.

மேடையின் குறைகளைச் சொல்லிப் பொட்டலின் குறைகளை மறைப்பது நேர்மையன்று. ஒலிபெருக்கி வந்தபின் குரலுக்கும் தப்புக்கும் இருந்த அளவுப் பொருத்தம் கெட்டுவிட்டது. சினிமா மெட்டுகள் நுழைந்துவிட்டன என்று பலர் குறைபடுகின்றனர். மெட்டைக் கடன் வாங்குவது கூத்துக்குப் புதிதன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளரின் நிலை பற்றிய பாட்டுகளை 1940இல் நூலாக்கியபோதும், கூட்டங்களில் பாடியபோதும், மக்களுக்குப் பழகிய மெட்டுகளையே கையாண்டார். கருத்து நெஞ்சில் ஏறுவதற்கு மெட்டு ஏணியாயிற்று. எனவே கேட்க வேண்டிய கேள்வி, மெட்டு எங்கிருந்து வந்தது என்பதன்று. வந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதே. கோமாளியின் வாயில் சினிமா மெட்டு பொருந்தலாம். ரதியின் புலம்பலில் அது நுழைந்தால், கேட்பவர் மனம் பொட்டலை விட்டுத் திரையரங்குக்குப் போய்விடும்.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. தப்பு இல்லாமல் கூத்து இல்லை. பழைய தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்புத்தான். சாவு வீட்டில் ஒலித்ததும் அதுதான். மாரியம்மன் திருவிழாவில் முழங்கியதும் அதுதான். நெருப்பில் காய்ச்சிச் சுதியேற்றிய அந்தத் தோல், ஒரு சமூகத்தின் நாளையும் வாழ்வையும் அளந்து கொடுத்தது. அதனை அடித்தவரோ சாதியின் பெயரால் ஒதுக்கி நிறுத்தப்பட்டார். லயத்து அறைகள் ஒரே அளவு. கூலி ஒரே அளவு. ஆயினும் தப்பின் முன் மட்டும் சாதி நிமிர்ந்து நின்றது. இன்றும் விழா அழைப்பிதழைப் பாருங்கள். தலைமை தாங்குபவர் பெயர் உண்டு. பொன்னாடை போர்த்துபவர் பெயர் உண்டு. தப்புக்காரர் பெயர் இருப்பது அரிது. இந்த அவமதிப்பினாலேயே இளைஞர் பலர் தப்பைத் தொட மறுத்தனர். அவர்களைக் கலையுணர்வு இல்லாதவர்கள் என்று பழிப்பது கொடுமை. இழிவின் அடையாளமாகத் தோளில் ஏற்றப்பட்ட ஒன்றை இறக்கி வைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

இந்த முரண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியும் உழைக்கும் மக்களின் மலைதான். அங்கே தேயிலைக்குப் பதில் நிலக்கரி. அந்த மலைப்பாட்டிலிருந்து கிளைத்த இசையே புளூகிராஸ். கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோ 1930களின் இறுதியில் அமைத்த குழுவின் பெயரே அவ்விசையின் பெயராயிற்று. 1965இல் வர்ஜீனியாவில் ஃபின்காசில் என்னும் ஊரருகே ஒரு குதிரைப் பண்ணையில், வாரயிறுதி நாட்களில் திறந்த வெளியில் அவ்விசைக்கு ஒரு விழா எடுத்தனர். அதன் பின் ஆண்டுதோறும் பல ஊர்களில் இத்தகைய விழாக்கள் நடக்கின்றன. மக்கள் கூடாரம் அடித்துத் தங்குகின்றனர். மேடையில் குழுக்கள் வாசித்து முடித்தபின், கூடாரங்களின் நடுவே பார்வையாளர்களே வாத்தியங்களை எடுத்து விடியும்வரை வாசிக்கின்றனர். முன்பின் அறியாதவர்கள் வட்டமாக நின்று ஒரே பாட்டில் சேர்ந்துகொள்கின்றனர். விழாவின் உயிர் மேடையில் அன்று, அந்த வட்டத்தில்தான் இருக்கிறது என்பதை அவ்விசையை விரும்புவோர் அறிவர். கட்டணமும் வணிகமும் அங்கும் உண்டு. ஆயினும் கலைஞன் வேறு, கேட்பவன் வேறு என்ற சுவர் அந்த வட்டத்தில் இல்லை. காமன் பொட்டலிலும் சென்ற ஆண்டு பார்த்திருந்த பையன் இவ்வாண்டு தூதனாக வருகிறான். மேடை அழிப்பது இந்த உறவைத்தான்.

அந்த இசையிலும் மறைக்கப்பட்ட கை ஒன்று உண்டு. பான்ஜோ என்னும் வாத்தியம் ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் ஆக்கம். பில் மன்றோ இளமையில் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரோடு வாசித்துக் கற்றவர். ஆயினும் அவ்விசை நெடுங்காலம் வெள்ளையரின் மலைச்சொத்தாகவே காட்டப்பட்டது. 2017இல் ரியானன் கிடன்ஸ் என்னும் கறுப்பினப் பாடகி, அத்துறையினரின் சர்வதேசச் சங்க மாநாட்டிலேயே நின்று இந்த மறைப்பை எடுத்துரைத்தார். அவர் அந்த இசையை வெறுத்துப் பேசவில்லை. அதற்கு உரியவராக நின்று பேசினார்.

தமிழகத்திலும் பறை இவ்வாறே மீட்கப்பட்டு வருகிறது. இழிவென்று கைவிடப்பட்ட பறையை உரிமையின் குரலாக ஏந்தியவர்கள், அடிக்கும் கையின் மானத்தை முதற்கண் மீட்டார்கள். ஒலி அதன்பின் தானே உயர்ந்தது. நீலம் பண்பாட்டு மையம் 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்று சென்னையில் தொடங்கியபோது, கச்சேரி மாதம் எவருடையது என்ற கேள்வியும் உடன் எழுந்தது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விருது ஒன்றே மாற்றமன்று. ஆனால் பெயர் சொல்லி அழைக்கப்படுவது மாற்றத்தின் தொடக்கம்.

நம் தோட்டங்களில் இதற்கு என்ன செய்யலாம்? தப்பு எந்த ஒரு சாதியின் கடமையும் அன்று என்று கூத்துக் குழுவே அறிவிக்க வேண்டும். கற்க விரும்பும் எந்தப் பிள்ளைக்கும் அது கற்பிக்கப்பட வேண்டும். கற்பிப்பவர், கூத்து மாஸ்டருக்கு நிகராக மதிக்கப்பட்டு, தம் உழைப்புக்கு ஊதியமும் பெற வேண்டும். ரதி வேடத்தை ஆண்களே புனைவது மரபு. அந்த மரபில் தேர்ந்த கலைஞர்கள் இருந்திருக்கின்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ரதியின் சொற்கள் யாருடைய வாழ்விலிருந்து வலுப்பெறுகின்றனவோ, அந்தப் பெண்கள் இன்னும் பொட்டலின் ஓரத்தில் அமர்ந்தே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கூடை சுமந்து தோட்டத்தைத் தாங்குபவர் கூத்தில் ஏன் பாடக்கூடாது? ரதியின் மன்றாட்டை ஒரு பெண்ணின் குரலில் கேட்கும் நாளில், இக்கூத்தின் பொருள் இன்னும் ஒரு படி ஆழமாகும்.

ஆசிரியர்களான நமக்கும் மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. விழாப் போட்டிக்காகப் பிள்ளைகளுக்கு வேடமிட்டு இருபது நிமிடம் ஆட்டிவிடுவது எளிது. மாசி இரவில் பொட்டலுக்குப் போய், விடியும்வரை இருந்து, தர்க்கப் பாட்டு முழுவதையும் எழுதிக்கொள்வது சற்றுக் கடினம். தப்பின் அடிகளை வேறுபடுத்திக் கேட்டு, அடிப்பவரிடமே அவற்றின் பெயரை விசாரித்து, பாடியவர் பெயரையும் அடித்தவர் பெயரையும் பாட்டின் தலையில் குறிக்க வேண்டும். நன்றாக இருந்த இடத்தை நன்று என்றும், தளர்ந்த இடத்தைத் தளர்ச்சி என்றும் மறுநாள் கூத்து மாஸ்டரிடமே சொல்ல வேண்டும். அவர் மறுத்துப் பேசினால் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். மூத்த பாடகர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். இளைஞர்கள் வேலை தேடிக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் போகின்றனர். வரும் மாசிக்குள் இவ்வேலையைத் தொடங்காவிட்டால், பின்னர் எழுதுவதற்கு நம்மிடம் புகழுரை மட்டுமே மிஞ்சும்.